டிக்கோயாவில் ஒரு தீட்டுக்கல்

சென்ற விடுமுறையில் நாம் ஹட்டனில் இறங்கி, டிக்கோயாப் பக்கமுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றது இயற்கைக் காட்சியை நாடியன்று. எமது பையில் தந்தையாரின் சவரக்கத்தி இருந்தது. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்டது. அதனை அறியாமையால் நகரத்துச் சாணைக்காரர் ஒருவரிடம் கொடுத்திருந்தோம். சுழலும் சக்கரத்தின் சூட்டில் அலகின் ஓரம் நீலம் பாரித்துவிட்டது. எஃகு அந்நிறம் பெறுவது ஏறத்தாழ 300 பாகை செல்சியசில். அதன்பின் சவரக்கத்திக்கு வேண்டிய கடினம் அதில் நில்லாது. தோட்டத்து முதிய நாவிதர் ஒருவரைக் கேட்டுப் பார்க்கலாமென்று எம் மாணவரொருவர் கூறினார்.

கங்காணிமார் காலத்தில் பல தோட்டங்களில் நாவிதருக்கும் சலவைத் தொழிலாளருக்கும் லயத்திலேயே இடமிருந்தது. அம்மரபில் வந்த பெரியவர் கத்தியை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சூடு பட்டுருச்சுங்க ஐயா. கருகின மட்டும் தேய்ச்சு எடுக்கணும்."

கரடான கடைக்கல்லில் நெடுநேரம் தேய்த்தபின், துணிப்பொதியினின்று வேறொரு கல்லை எடுத்தார். மேலே வெண்ணெய் நிறம்; அடியில் கருநீலம். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைகளில் வெட்டப்படுவது. துரையொருவர் பங்களாவிலிருந்து பாட்டனாருக்குக் கிடைத்ததாம்.

பாறைகள் நிறைந்த மலைநாட்டில் அந்நியக் கல் எதற்கு என்றோம். பெரியவர் சிரித்து, வாயிற்படியருகே கிடந்த பாறையைக் காட்டினார். அதில் செம்புள்ளிகள் தெரிந்தன. அவை கார்னெட் மணிகள், கோமேதகத்தின் இனம். பெல்ஜியக் கல்லில் தீட்டுவதும் கார்னெட்டே. ஆனால் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தால் உருமாறிய எம் மலைப்பாறையில் அம்மணிகள் பருத்துவிட்டன, அலகைக் கீறிவிடும். பெல்ஜியக் கல்லிலோ அவை மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்களவே.

எண்ணெய் இடவில்லை; நீர் தெளித்தார். கத்தியின் முதுகும் கூரும் ஒருங்கே கல்லிற் படியக் கிடத்தி, கூர் முன்செல்லத் தள்ளினார். முதுகின்மீதே புரட்டி மறுபக்கம் இழுத்தார். முதுகு படிந்திருக்கும்வரை கோணம் பிசகாது. பால்போலிருந்த நீர் மெல்லக் கறுத்தது. பின்னர் தோல்வாரில் முதுகு முன்செல்லத் தடவினார்.

பேரன் ஹட்டனில் கடை வைத்திருக்கிறார். பாவித்து எறியும் பிளேடுதான். அதில் குறைகூற என்ன இருக்கிறது? ஒருவருக்கு இட்டது மற்றவருக்குப் படாதிருப்பது நன்றே.

எம் வலக்கன்னத்தில் கத்தி ஓசையின்றி இறங்கியது. நுனி மட்டும் மயிரைப் பிடித்து இழுத்தது.

"நுனியில இன்னும் கருகல் இருக்குங்க. விட்டுட்டுப் போங்க ஐயா, அடுத்த மாசம் வாங்க."

தந்தையாரின் பொருளாயிற்றே என்று சற்றுத் தயங்கினோம். பின்னர் அவரிடமே விட்டு, காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பனி மூடுமுன் பேருந்தைப் பிடித்தோம்.