கதவைச் சாத்திய பாட்டனார்



பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் தொடக்கக் கதைகளை அண்மையில் மீண்டும் பார்த்தேன். 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியை இயக்கியவர், லக்னோவில் பிறந்து சிறுவயதில் இந்நாட்டுக்கு வந்த வாரிஸ் ஹுசைன்.

பலருக்கு நினைவிருப்பது காலத்தைக் கடக்கும் நீலப் பெட்டி. எனக்கோ அது புலம்பெயர்ந்த குடும்பமொன்றின் கதையாகவே தோன்றியது. சொந்த உலகை இழந்த ஒரு பாட்டனாரும் பேத்தி சூசனும் இலண்டனில் ஒதுங்கி வாழ்கிறார்கள். இங்கே பள்ளி செல்லும் பேத்தி இங்கேயே தங்க விரும்புகிறாள். பாட்டனார் அஞ்சுகிறார், கதவை அடைத்து, அவளது விருப்பத்தை மீறி ஊர்தியைக் கிளப்பிவிடுகிறார்.

1964 டிசம்பர் 26 அன்று வந்த பகுதியில் காட்சி மாறுகிறது. டாலெக் எனும் பகைவரால் பாழான எதிர்கால இலண்டனில் சூசன் ஓர் இளைஞனை நேசிக்கிறாள். ஆயினும் முதியவரைத் தனியே விட மனமின்றித் தவிக்கிறாள். அவரோ அவளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறார். ஒருநாள் திரும்பி வருவேன் என வாக்களித்து, வாழ்த்தி விடைபெறுகிறார்.

அது கைவிடுதல் அன்று. தம்மைப் பேணும் சுமையிலிருந்து அவளை விடுவித்த அன்பு. எனினும் இருமுறையும் அவர் அவளைக் கேட்கவில்லை.

“பேரப்பிள்ளைகள் நம்மவர்களாக இல்லையே” என நம் முதியோர் சிலர் என்னிடம் வருந்துவதுண்டு. தமிழையும் விசுவாசத்தையும் அவர்களுக்குக் கையளிப்பது நம் கடமை. எங்கே வேரூன்றுவது என்பது அவர்களுடைய முடிவு. அப்பாட்டனார் செய்யாததை நாம் செய்யலாம்: அவர்களை அருகில் அமர்த்தி, என்ன விரும்புகிறார்கள் எனக் கேட்கலாம்.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை