வங்கக் கடலில் நின்றுபோன விமானம்

"ஏங்க, மறுபடியும் க்ராஷா?"

சமையலறையிலிருந்து இந்தக் கேள்வி வந்தபோது இரவு மணி எட்டரை. திருச்சி உறையூரில் ஒரு பழைய வீடு. ஹாலில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவருக்கு வயது 67. தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்தே ஓய்வுபெற்றவர். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு நிமிஷம் முன்பு வரை அவருடைய விமானம் வங்கக் கடலுக்கு மேல் 35,000 அடியில் சீராகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று திரை உறைந்தது. என்ஜின் சத்தம் ஒரே சுருதியில் இழுத்தது. அடுத்த நொடி விமானமும் இல்லை, கடலும் இல்லை. மகளின் கல்யாண போட்டோ மட்டும் திரையில் சிரித்துக்கொண்டிருந்தது.

வேலையற்ற கிழவரின் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மகள் இருப்பது சிங்கப்பூரில். இரண்டாவது பிரசவம். மூத்த பையன் அங்கே பள்ளிக்கூடம் போவதால் அவளால் ஊருக்கு வர முடியாது. அம்மாதான் போக வேண்டும். இவரும் கூடப் போகலாம் என்றால், வீட்டில் 90 வயதைத் தொடும் அவருடைய தாயார் படுக்கையில் இருக்கிறார். ஆக, மனைவி தனியாகப் போக வேண்டும். அந்த அம்மாவோ வாழ்நாளில் விமானத்தில் ஏறியதில்லை. மலைக்கோட்டைப் படியில் நின்று கீழே பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவர்.

அப்போதுதான் இவருக்கு அந்த யோசனை வந்தது. மகன் பெங்களூரு வேலைக்குப் போகும்போது விட்டுச் சென்ற பெரிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்தது. உலகம் முழுவதையும் செயற்கைக்கோள் படங்களை வைத்து வரைந்து, நாம் நினைத்த இடத்திலிருந்து நினைத்த இடத்துக்குப் பறக்கவிடும் மென்பொருள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நிஜத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதே நான்கு மணி நேரத்தை வீட்டு ஹாலில் மனைவியை உட்கார வைத்து ஒரு தடவை ஓட்டிக் காட்டிவிட்டால் பயம் போய்விடும் என்பது அவர் கணக்கு.

முதல் நாள் கணக்கு சரியாகத்தான் வந்தது. ஏர்பஸ் ஏ320 நியோ எழும்பியதும் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து ஸ்ரீரங்கத்தை அணைத்துக்கொண்டு போவது தெரிந்தது. "நம்ம மொட்டை மாடி தெரியுமா?" என்று அந்த அம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாற்பதாவது நிமிஷம் எல்லாம் மறைந்தது. மறுநாள் இருபத்தைந்தாவது நிமிஷம். அதற்கு மறுநாள் தரையிலிருந்து எழும்பிய சற்று நேரத்திலேயே.

பக்கத்து வீட்டு என்ஜினீயரிங் மாணவனிடம் போனில் "க்ராஷ் ஆயிடுச்சுப்பா" என்று இவர் சொன்னதுதான் தப்பாகப் போனது. கம்ப்யூட்டர்காரர்கள் இந்த வார்த்தையை எதற்குப் பிடித்தார்களோ! மென்பொருள் நின்றுபோவதற்கும் அதே பெயர், விமானம் விழுவதற்கும் அதே பெயர். மூன்றாம் நாள் அந்த அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "வீட்டுக்குள்ளேயே ஒழுங்கா போய்ச் சேர மாட்டேங்குது. நான் போகலை. அவளையே ஆள் வெச்சுச் சமாளிச்சுக்கச் சொல்லுங்க."

டிக்கெட் எடுக்க மாதக் கடைசி வரைதான் அவகாசம்.

ஆரம்பத்தில் அவரும் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். 100 ஜி.பி.க்கு மேல் வரும்; வீட்டு இன்டர்நெட்டில் இரண்டு நாள் இறங்கியது. பலன் இல்லை. சித்திரை வெயிலில் பெட்டி சூடாகிறதோ என்று பக்கவாட்டு மூடியைக் கழற்றி, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார். ஹாலில் இருந்தவர்களுக்குக் காற்று போனதுதான் மிச்சம். மாணவன் வந்து, மகன் வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்திருந்த கூடுதல் விமானங்களையும் விமான நிலையங்களையும் கம்யூனிட்டி என்ற ஃபோல்டரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்தான். கையோடு கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரையும் மாற்றினான். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. "சரியாயிடுச்சு அங்கிள்!" என்று கை கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் மறுபடி நின்றது.

அன்றைக்குத்தான் பழைய உத்தியோகம் அவருக்குள் எழுந்து உட்கார்ந்தது. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்தால் எது பிழை என்று எந்தக் காலத்திலும் தெரியாது. ஒரு போனில் கொரகொர சத்தம் என்றால் எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். பலகையில் ஒரு சோதனை, ரோட்டோரப் பில்லரில் ஒரு சோதனை, தெருமுனை டி.பி. பெட்டியில் ஒரு சோதனை என்று பழுதை ஒவ்வொரு துண்டாக ஒதுக்கிக்கொண்டே போவார்கள். பேத்தி விட்டுப்போன கோடு போட்ட நோட்டை எடுத்தார். தேதி, எத்தனையாவது நிமிஷத்தில் நின்றது, என்ன மாற்றியது. ஒரு நாளைக்கு ஒரே மாற்றம்.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. திரையில் எதுவும் சொல்லாமல் ஒரு மென்பொருள் செத்துப்போனாலும், எந்தக் கோப்பில் இடறி விழுந்தது என்ற குறிப்பு பெரும்பாலும் அங்கே பதிவாகியிருக்கும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். இவர் ஆறு நாள் பதிவுகளை நோட்டில் எழுதினார். பிழைக் குறியீடு பெரும்பாலும் ஒன்றே: 0xc0000005. மென்பொருள் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட முயன்றது என்று பொருள். ஆனால் இடறிய கோப்பின் பெயர் மட்டும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு. ஒரு நாள் கிராஃபிக்ஸ் சம்பந்தப்பட்டது, ஒரு நாள் விண்டோஸுக்கே சொந்தமான ஒன்று, ஒரு நாள் சிமுலேட்டரின் கோப்பு.

இதைப் படித்துவிட்டு அவர் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். தினமும் ஒரே வீட்டு போன் கெட்டால் அந்த வீட்டில் கோளாறு. தினமும் வேறு வேறு வீடு என்றால் எல்லா வீட்டுக்கும் பொதுவான கேபிளில் கோளாறு. கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் பொதுவானது ரேம்.

"அப்ப யூடியூப் ஓடுதே, சீரியல் ஓடுதே, அதெல்லாம் நிக்கலையே?" என்று அந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதிலும் அவரிடமிருந்தேதான் இவருக்குக் கிடைத்தது. வீட்டில் விசேஷம் வந்தால்தான் பரணிலிருந்து பெரிய அண்டாவை இறக்குவார்கள். அதில் ஓட்டை இருப்பதும் அன்றைக்குத்தான் தெரியும். சீரியல் பார்க்கக் கொஞ்சம் ரேம் போதும். வானத்தையும் கடலையும் மேகத்தையும் நொடிக்கு நொடி வரையும் மென்பொருளுக்குக் கையில் கிடைக்கும் எல்லாம் வேண்டும். அது மெல்ல மெல்ல நிரம்பி, ஓட்டை உள்ள இடத்தைத் தொடும்போது நின்றுவிடுகிறது.

கம்ப்யூட்டரைச் சோதிக்க இந்த விமான மென்பொருளைவிடப் பொருத்தமானது இல்லை என்பது பழைய கதையும்கூட. ஐ.பி.எம். பி.சி.க்காக இது முதலில் வந்தது 1982ல். அந்தக் காலத்தில் 'இதுவும் ஐ.பி.எம். மாதிரியேதான் வேலை செய்யும்' என்று சொல்லி வேறு கம்பெனிகள் கம்ப்யூட்டர் விற்றால், அது உண்மையா என்று பார்க்க இதையும் லோட்டஸ் 1-2-3 கணக்கு மென்பொருளையும்தான் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மெம்டெஸ்ட்86 என்ற சோதனை மென்பொருளை மாணவன் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். விண்டோஸ் இல்லாமலேயே இயங்கி, ரேமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும். ராத்திரி ஓடவிட்டுப் படுத்தார்கள். நடு இரவில் தாயாருக்குத் தண்ணீர் கொடுக்க எழுந்தவர் ஹாலை எட்டிப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். மனிதர் சந்தோஷத்தில் மனைவியை எழுப்பிவிட்டார். பழுது கிடைத்ததற்காக ஒருவர் இவ்வளவு சந்தோஷப்படுவதை அந்த அம்மா 40 வருஷமாகப் பார்த்து வருகிறார். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் நான்கு ரேம் பலகைகள், ஒவ்வொன்றும் 8 ஜி.பி. முதலில் இரண்டுதான் இருந்தன. மகன் பின்னால் வேறு இரண்டைப் பழைய விலைக்கு வாங்கிச் சொருகியிருந்தான். பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்ற வேக அமைப்பை நிறுத்திப் பார்த்தார். சிவப்பு வரிகள் குறைந்தன, போகவில்லை. பலகைகளைக் கழற்றி, தங்க நிற விளிம்பை ரப்பரால் துடைத்து, ஒவ்வொன்றாகச் சொருகிச் சோதித்தார். மூன்று பாஸ். நான்காவதில் சிவப்பு. அதையே வேறு இடத்தில் சொருகினார். பிழையும் கூடவே வந்தது. அப்படியானால் சொருகும் இடம் நல்லது, பலகைதான் கெட்டது. பின்னால் வாங்கிய ஜோடியையே ஒதுக்கிவிட்டு, பழைய 16 ஜி.பி.யோடு மூடியை மாட்டினார். சிமுலேட்டருக்கு அது போதும்.

"இந்தச் சீப்பு மாதிரி இருக்கே, இதுக்கா இவ்வளவு பாடு?" என்று அந்த அம்மா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விமானம் கிளம்பியது. அந்த அம்மா கீரை ஆய்ந்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். எழும்பிய கொஞ்ச நேரத்தில் என்ஜின் சத்தம் தணியும், பயப்படாதே, வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள் என்றார் இவர். தரையில் நிற்கும்போது காலடியில் நாய் குரைப்பது போலச் சத்தம் வரலாம், அது ஹைட்ராலிக் பம்ப் என்றார். இறங்கும் முன் 'தொம்' என்றால் சக்கரம் வெளியே வருகிறது. நாற்பதாவது நிமிஷம் இருவருமே பேச்சை நிறுத்தினார்கள். விமானம் நிற்கவில்லை. சுமத்ராவின் வடமுனை வந்தபோது கீரை மசியலே ஆகிவிட்டது. சாங்கியில் சக்கரம் தொட்டதும் அந்த அம்மா எழுந்து, "சரி, டிக்கெட் போடுங்க" என்றார்.

கிளம்பியது ஒரு நள்ளிரவு. டெர்மினல் வாசல் வரைதான் இவரால் போக முடிந்தது. வீட்டுக்குத் திரும்பி, கம்ப்யூட்டரைப் போட்டு, போனுக்காகக் காத்திருந்தார். "கதவைச் சாத்தறாங்க. நாய் குரைக்குதுங்க" என்று அவர் குரல் வந்ததும், இவரும் திருச்சி ஓடுபாதையில் விமானத்தை நகர்த்தினார். நடுவில் தாயார் கூப்பிட்டார். பாஸ் பட்டனை அழுத்திவிட்டுப் போய், துணி மாற்றி, முதுகைத் தடவிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு வந்தார். அரை மணி நேரம் போய்விட்டது.

விடியும் முன்பே போன் அடித்தது.

"இறங்கிட்டேங்க. மாப்பிள்ளை வெளியில நிக்கறாராம். நீங்க எங்க இருக்கீங்க?"

அவர் திரையைப் பார்த்தார்.

"மலாக்கா நீரிணை மேல. நான் வந்து சேர இன்னும் அரை மணி ஆகும். நீ போய்ப் பெட்டியை எடு."