நான்கே நகர்த்தலில்

எங்கள் தமிழ்ப்பள்ளியின் சதுரங்கக் கழகப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, காய்கள் நகரும் விதம் மட்டுமே எனக்குத் தெரியும். புறப்பாட நடவடிக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் பங்கிடப்படுகின்றன; ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள்.

மாணவர்களைக் கவர எளிய வழியொன்றைப் பிடித்தேன். அரசனுக்கு முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் நகர்த்தி, அரசியைப் பலகையின் ஓரத்திற்குக் கொண்டு சென்று, அமைச்சரைத் துணைக்கு அழைத்து, எதிரி அரசனை அடுத்திருக்கும் அமைச்சருக்கு முன் நிற்கும் காலாளை அரசியால் வெட்ட வேண்டும். நான்கே நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். தொடக்கத்தில் அந்தக் காலாளுக்கு அரசனைத் தவிர வேறு காவல் இல்லை. நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இதைக் கொண்டே பள்ளியில் அனைவரையும் வென்றான். நானும் பூரித்துப்போனேன்.

மாவட்டப் போட்டியில் அவனுக்கு எதிரே அமர்ந்தவள் அவனைவிடச் சிறியவள். குதிரைக்கு முன்னிருந்த காலாளை ஒரு கட்டம் நகர்த்தினாள். அரசி விலகியது. அடுத்துக் குதிரையைக் கொண்டுவந்து வழியை மறித்தாள். மற்றொரு குதிரையால் அரசியை விரட்டினாள். அரசி ஓடிய ஒவ்வொரு முறையும் அவளுடைய காய் ஒன்று வெளியே வந்தது. அவள் கோட்டை கட்டி முடித்தபோது, இவனுடைய குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

“ஐயா, நீங்கள் சொல்லிக் கொடுத்தபடிதான் ஆடினேன்” என்றான். என்னிடம் மறுமொழி இல்லை. அடுத்த இரு வாரங்கள் அவன் கழகத்திற்கு வரவில்லை.

அவ்விரு வாரங்களில் நான்தான் மாணவனானேன். மூலையில் நிற்கும் குதிரைக்கு இரண்டே கட்டங்கள். நடுவில் நின்றால் எட்டு. நடுக்கட்டங்களைப் பிடி, குதிரைகளையும் அமைச்சர்களையும் எழுப்பு, காரணமின்றி ஒரே காயை இருமுறை நகர்த்தாதே, விரைவில் கோட்டை கட்டு என்பதற்கெல்லாம் பொருள் அப்போதுதான் விளங்கியது.

மூன்றாம் வாரம் அவனை வகுப்பு வாசலில் மறித்து, பிழை என்னுடையது என்றேன். பிறகு 1858ஆம் ஆண்டு பாரிஸ் இசை நாடக அரங்கில் பால் மோர்ஃபி ஆடிய ஆட்டத்தைப் பலகையில் அடுக்கிக் காட்டினேன். மோர்ஃபிக்கு அப்போது வயது 21. எதிரே பிரன்சுவிக் கோமகனும் இசுவார் பிரபுவும் கலந்து பேசி ஆடினர். அவர்களுடைய அரசி சொந்த அமைச்சரின் வழியையே அடைத்து நின்றது. அந்த அமைச்சரும் அதன் பின்னிருந்த கோட்டையும் கடைசிவரை அசையவில்லை. மோர்ஃபியோ எல்லாக் காய்களையும் போருக்கு அழைத்து, அரசியையும் பலி கொடுத்து, 17ஆம் நகர்த்தலில் வென்றார்.

“ஐயா, இவரும் ஏழு நகர்த்தலுக்குள் அரசியை இருமுறை நகர்த்தினாரே?”

நான் திகைத்தேன். நான் கவனிக்காத ஒன்று. இருவரும் மீண்டும் அடுக்கினோம். முதல் முறை வெட்டுக்குப் பதில் வெட்டு. இரண்டாம் முறை ஒரே நேரத்தில் இரு காலாள்களுக்கு மிரட்டல். “விரட்ட ஆளில்லை, ஐயா” என்று அவனே கண்டுபிடித்தான்.

இப்போது கழகத்தில் சிறியவர்களுக்கு அவன்தான் கற்றுக் கொடுக்கிறான். நான்கு நகர்த்தல் உத்தியைத்தான் முதலில் சொல்லித் தருகிறான். தடுக்கும் வழியையும் சேர்த்து.