சுருளுக்குப் பன்னிரண்டு

திறன்பேசியில் ஒரே மாலையில் நூறு படம் எடுத்துவிடலாம். என்னுடைய பழைய யாஷிகா மேட் 124ஜி கேமராவிலோ, ஒரு 120 ஃபிலிம் சுருளுக்கு 12 படங்கள்தான். யாரை எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அதற்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள். மேலே இருப்பது பார்ப்பதற்கு. கீழே இருப்பது படம் பிடிப்பதற்கு. கேமராவை வயிற்றருகே பிடித்துக்கொண்டு, தலைகுனிந்து கண்ணாடித் திரையைப் பார்க்க வேண்டும். காட்சி இடம்வலமாக மாறித் தெரியும். தேக்காவில் வலப்பக்கம் நடந்துபோகிறவர் திரையில் இடப்பக்கம் போவார். பழகும்வரை வேடிக்கைதான்.

திறன்பேசியை நீட்டினாலே “வேணாம்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மா, இந்தக் கேமராவின் முன் இயல்பாக உட்கார்ந்தார். நான் குனிந்திருந்ததால், யாரோ தம்மை உற்றுப் பார்ப்பதுபோல் அவருக்குத் தோன்றவில்லை போலும். அம்மா விரும்பிச் சட்டம் போடச் சொன்ன ஒரே படம் அது.

தீபாவளிக்கு நண்பரிடம் ஃபூஜி ஜிஎக்ஸ்617 கேமராவை இரவல் வாங்கினேன். அகன்ற காட்சிக்கான கேமரா. ஒரு நெகட்டிவின் உயரம் சுமார் 6 சென்டிமீட்டர், நீளம் 17. அதே 120 சுருளில் 4 படங்கள் மட்டுமே. புளோக்கின் கீழ்த்தளத்தில் குடும்பமே ஒரே வரிசையில் நின்றது. எப்போதும் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பெரியப்பாவும் முழுதாகப் படத்துக்குள் வந்துவிட்டார்.

யாஷிகாவில் இப்போது 5 படங்கள் மிச்சம். அப்பாதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.