தூரத்துப் புதரில் ஓர் ஆள்... பெயின்ட்பால் ஸ்னைப்பராக இருப்பது அவ்வளவு ஈஸியா?

பெயின்ட்பால் விளையாடப் போகும் எந்தக் குழுவிலும் ஒருவன் இருப்பான். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மற்றவர்கள் "யார் முன்னால ஓடுறது?" என்று பேசிக்கொண்டிருக்கும்போது, "நான் பின்னால ஸ்னைப்பரா இருக்கேன்டா" என்பான். மொபைல் கேமில் தூரத்து மாடியிலிருந்து ஒரே குண்டில் ஆளைச் சாய்த்துப் பழகிய கை அது. அதே வேலையை நிஜமான மரத்துக்குப் பின்னாலிருந்து செய்துபார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

முதல் பத்து நிமிடங்களிலேயே அந்த ஆசைக்கு அடி விழும். அறுபது மீட்டர் தள்ளி நிற்பவரைக் குறிபார்த்துச் சுடுவான். குண்டு பாதி வழியில் ஒரு பக்கமாக வளைந்து புல்லில் விழும். அடுத்த இரண்டும் அப்படியே. நான்காவது எப்படியோ எதிராளியின் தோளில் பட்டுவிடும். ஆனால், உடையாமல் தெறித்துப் போகும். குண்டு உடைந்து உடம்பில் சாயம் ஒட்டினால்தான் அவுட். எதிராளி தோளைத் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிடுவார். போதாக்குறைக்கு, புதருக்குள் ஒருவன் இருப்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது!

அவன்மீது தப்பில்லை. ஜெலட்டின் ஓட்டுக்குள் சாயத் திரவம் அடைத்த உருண்டைதான் பெயின்ட்பால் குண்டு. விட்டம் 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். பொதுவாக எந்த மைதானத்திலும் இது நொடிக்கு 300 அடி வேகத்தைத் தாண்டக் கூடாது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் குரோனோகிராஃப் என்ற கருவியால் அளந்து பார்ப்பார்கள். மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர் என்று சொன்னால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால், கனமில்லாத உருண்டையைக் காற்று சும்மா விடுமா? 100 அடி போவதற்குள் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்குள் அரை நொடி போயிருக்கும், குண்டும் கிட்டத்தட்ட மூன்றடி கீழே இறங்கியிருக்கும். எதிரில் இருப்பவர் ஒரு எட்டு நகர்ந்துவிட அந்த அரை நொடி தாராளம்.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். நீளமான குழல், மேலே ஒரு டெலஸ்கோப், கீழே இரண்டு கால் ஸ்டாண்டு என்று வாங்கிப் பொருத்திவிட்டால் துப்பாக்கி படத்தில் வருவதுபோல இருக்கும். ஆனால், வேகத்துக்கு வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். குழலை நீட்டுவதால் குண்டு கூடுதல் தூரம் போய்விடாது. கொஞ்சம் நிஜமான மாற்றம் தந்தது 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' என்ற குண்டுதான். முன்பக்கம் அரை உருண்டை, பின்பக்கம் துடுப்பு போன்ற வால். பறக்கும்போது சுழல்வதால் சாதாரண குண்டைவிட நேராகவும் தூரமாகவும் போகும். விலையோ பல மடங்கு. சாதாரண வாடகைத் துப்பாக்கியில் அதைப் போட்டுச் சுடவும் முடியாது.

அப்படியென்றால் பெயின்ட்பாலில் ஸ்னைப்பரே கிடையாதா? உண்டு. ஆனால், அவர் தூரத்திலிருந்து சுடுபவர் அல்ல. யாருக்கும் தெரியாமல் கிட்டே வந்து சுடுபவர்.

அந்தச் சொல்லின் பூர்வீகமும் அதைத்தான் சொல்கிறது. 'ஸ்னைப்' என்பது நம் ஊரில் உள்ளான் என்று சொல்லப்படும் பறவை. குளிர்காலத்தில் நம் ஏரிக்கரைச் சேற்றிலும் வந்து மேயும். மண்ணோடு மண்ணாக நிறம். காலடியில் மிதிபடும் தூரம் வரை அசையாது, பிறகு திடீரென்று வளைந்து வளைந்து பறக்கும். 18-ம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகள் இதை வேட்டையாடப் போவதைத்தான் 'ஸ்னைப்பிங்' என்றார்கள். வேட்டைக்காரருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெயின்ட்பால் ஸ்னைப்பர் மட்டும் வேட்டைக்காரராகவும் இருக்க வேண்டும், உள்ளானாகவும் இருக்க வேண்டும்.

அமெரிக்கக் காட்டு மைதானங்களில் இதற்கென்றே 'கில்லி சூட்' அணிந்து வருகிறார்கள். (விஜய் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்காட்லாந்தில் வேட்டைக்குத் துணைபோகும் உதவியாளுக்குப் பெயர் கில்லி.) சாக்கு இழைகளும் இலை தழைகளும் தொங்கும் அந்த உடையில் வெயிலில் ஒரு மணி நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். எறும்பு கடித்தாலும் கையை ஆட்ட முடியாது. முன்னால் நண்பர்கள் ஒவ்வொருவராக அவுட்டாகிக் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதுதான் கஷ்டத்திலேயே பெரிய கஷ்டம். அவன் சுட்டிருந்தால் ஒருவரையாவது காப்பாற்றியிருக்கலாமோ? சுட்டிருந்தால் அவனும் மாட்டியிருப்பான். ஆட்டம் முடிந்தபின் "நீ எங்கடா இருந்த?" என்று கேட்பவர்களுக்கு எந்தப் பதிலும் எடுபடாது.

அவர்களிடம் அவன் ரிச்சி வொய்ட்டைப் பற்றிச் சொல்லிப் பார்க்கலாம். 1981, ஜூன் 27. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் உலகின் முதல் பெயின்ட்பால் ஆட்டம் நடந்தது. எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸுக்கும் பங்குச் சந்தைத் தரகரான ஹேய்ஸ் நோயலுக்கும் ஒரு வாக்குவாதம். நகரத்தில் பிழைக்கத் தெரிந்தவன் காட்டிலும் பிழைப்பானா என்பதுதான் விஷயம். தீர்த்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்தது, மரங்களிலும் மாடுகளிலும் சாய அடையாளம் வைக்கப் பயன்பட்ட 'நெல்ஸ்பாட் 007' துப்பாக்கி. மொத்தம் 12 பேர். குழு கிடையாது, ஒவ்வொருவரும் தனி ஆள். மற்றவர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்க, காட்டு மரங்களோடு வேலை பார்க்கும் வொய்ட், எல்லாக் கொடிகளையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு வெளியே வந்து ஜெயித்தார். ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

ஆனால், காத்திருப்பவனுக்கு ஒரு நிஜமான ஆபத்து இருக்கிறது. ஓடுபவருக்கு முகத்தில் காற்று படும். படுத்திருப்பவனின் மூச்சு மாஸ்க்குக்குள்ளேயே சுற்றும். வியர்வையும் சேர்ந்து கண்ணாடியில் பனி படரும். எதிரில் எதுவும் தெரியாது. 'யார் பார்க்கப் போகிறார்கள், ஒரு நிமிஷம் கழற்றித் துடைத்துக்கொள்வோம்' என்று கை போகும். அந்த ஒரு நிமிஷத்தில் குண்டு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இந்த விளையாட்டில் வரும் மோசமான கண் காயங்களில் பெரும்பாலானவை மாஸ்க் இல்லாதபோது நேர்ந்தவைதான். மற்றவர்கள் மாஸ்க்கைக் கழற்றினால் நடுவர் விசில் ஊதுவார், பக்கத்தில் இருப்பவர் கத்துவார். புதருக்குள் மறைந்திருப்பவனை யார் பார்ப்பார்கள்? சரியாக ஒளிந்திருக்கிறான் என்பதாலேயே யாரும் பார்க்க மாட்டார்கள்.

அதனால் டெலஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில், பனி படராத இரட்டை அடுக்குக் கண்ணாடி வைத்த மாஸ்க் வாங்குவது உத்தமம். பார்வை சுத்தமாக மறைந்துவிட்டால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மாஸ்க்கோடு மைதானத்துக்கு வெளியே வந்து துடைத்துக்கொள்ளலாம். ஒன்றும் குடி முழுகிப் போகாது.

இறுதி விசில் ஊதியதும் அவனுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. துப்பாக்கிக் குழலின் வாயை உறை போட்டு மூட வேண்டும். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "நான் இங்க இருக்கேன், சுடாதீங்க!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவ்வளவு நேரம் பக்கத்திலேயே நடந்து திரிந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்புவார்கள்.