போர்டு டெட்டுன்னு சொன்னாங்கண்ணா

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பத்திரிகையில் சின்னச் செய்திதான். அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு ஊர் ஒரு வியாபாரம் கிளம்பிவிட்டது: "இந்த சிஸ்டம் இனிமே தாங்காது சார், மதர்போர்டோட மாத்திடுங்க."

சிதம்பரம் நண்பர் ஒருவரின் மகன் அண்ணாமலை நகரில் படிக்கிறான். அவனுடைய கேமிங் கம்ப்யூட்டரில் இருப்பது ரைசன் 5 1600. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் பிராசஸர்கள் பட்டியலில் அது இல்லை. ரைசன் 5 5600 போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, அதற்காக விடுதியில் பயாஸ் அப்டேட் செய்திருக்கிறான். பாதியில் கரண்ட் போய்விட்டது. அப்புறம் நோ டிஸ்ப்ளே. காட்டிய கடையில் "போர்டு டெட்" என்று சொல்லி, போர்டு, பிராசஸர், ராம் மூன்றும் சேர்ந்த காம்போவுக்கு நாற்பதாயிரத்துக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டார்கள். நண்பர் யார் யாரையோ விசாரித்து, கடலூர் முதுநகரில் சிப் லெவல் சர்வீஸ் செய்யும் ஒருவரைப் பிடித்தார். பையனும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினோம்.

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. ஒரு மேசை, பூதக்கண்ணாடி விளக்கு, ஹாட் ஏர் கன், ஃப்ளக்ஸ் புகை வாடை. சுவரோரம் அடுக்கியிருந்த பழைய போர்டுகளில் ராம் ஸ்லாட்டும் யுஎஸ்பி வாயும் பச்சை பூத்திருந்தன. "உப்புக் காத்து சார். நெய்வேலியில பத்து வருஷம் ஓடுற போர்டு இங்க ஆறாவது வருஷமே மூச்சு வாங்கும்."

கடைக்காரர் ஐடிஐயில் எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் படித்தவர். சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்குமாம். ஆளுக்கொரு போன் வந்ததும் சென்டர் காலி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டபோது, நனைந்த கம்ப்யூட்டர்கள் குவியல் குவியலாக வந்தன. "அந்த மாசம் கழுவின போர்டுலதான் சார் நான் தொழிலே கத்துக்கிட்டேன்." பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஒருவரிடம் சிப் எடுக்கவும் வைக்கவும் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்.

பையன் "போர்டு டெட்டுன்னு சொன்னாங்கண்ணா" என்றான். அவர் பதில் சொல்லாமல் மல்டிமீட்டரை வைத்து இரண்டு மூன்று இடம் தொட்டார். ஷார்ட் எதுவும் இல்லை. சிமாஸ் பேட்டரியைக் கழற்றிவிட்டு, டிராயரிலிருந்து தீப்பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பலகையை எடுத்தார். அதிலிருந்து வயர் போய், துணி கிளிப் மாதிரி ஒரு கவ்வியில் முடிகிறது. சிஎச்341ஏ புரோகிராமர். போர்டின் மூலையில் எட்டுக் கால் வைத்த பயாஸ் சிப்பு. அதன் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டால், போர்டுக்குக் கரண்டே கொடுக்காமல் சிப்பில் இருப்பதைப் படிக்கலாம், புதிதாக எழுதலாம். ஆனால் கவ்வுவதற்கு முன்னால் லென்ஸை வைத்துச் சிப்பின் நம்பரைப் படித்தார். ஏஎம்4 போர்டுகளில் பலதில் இருப்பது 1.8 வோல்ட் சிப்பு. அடாப்டர் இல்லாமல் நேராகக் கொடுத்தால் வோல்டேஜ் ஏறிச் சிப்பே போய்விடும். அவசரக்காரர்கள் நல்ல போர்டை நிஜமாகவே சாகடிப்பது இந்த இடத்தில்தான் என்றார்.

திரையில் எண்ணும் எழுத்துமாக வரிகள் ஓடின. ஓரிடத்திலிருந்து வெறும் எஃப்எஃப், எஃப்எஃப். "பழசை அழிச்சிருக்கு, புதுசை எழுதறதுக்குள்ள கரண்ட் போயிருக்கு. வேற ஒண்ணும் இல்ல தம்பி." போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து பயாஸ் கோப்பை இறக்கி எழுதினார். நடுவில் செய்த சில வேலைகள் எனக்குப் பிடிபடவில்லை. டீ வந்து குடித்து முடிப்பதற்குள் டிஸ்ப்ளே வந்துவிட்டது. கொட்டேஷன் போட்ட கடையில் இந்தக் கிளிப்பை எடுக்கவே இல்லை.

போர்டை மாற்றவே கூடாது என்பது அவர் கட்சி இல்லை. பையனுடையது ஏ320 போர்டு. ஏஎம்4 சாக்கெட் 2016-இல் வந்தது; ஏஎம்டி அதிலேயே ரைசன் 5000 வரை கொண்டுபோனது. 300 வரிசைப் போர்டுகளுக்கு அந்த அனுமதி 2022-இல்தான் கிடைத்தது. 5600 என்பது 65 வாட், ஏ320 தாங்கும். 105 வாட் 5800எக்ஸ் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். பிராசஸருக்குக் கரண்ட் கொடுக்கும் விஆர்எம் பகுதியில் அந்தப் போர்டுக்கு ஹீட்சிங்க்கூட இல்லை. "அடுத்து என்ன கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போற?" என்று கேட்டார். ஆர்எக்ஸ் 6600 என்றான் பையன். அதற்கு எட்டு லேன் இருக்கிறது, பழைய பிசிஐஇ 3.0 ஸ்லாட்டிலும் பெரிய நஷ்டம் வராது. 6500 எக்ஸ்டி என்றால் நாலே லேன், 3.0-வில் போட்டால் நன்றாகவே அடி வாங்கும், பி550 போர்டு வேண்டியிருக்கும். கார்டைத் தெரிந்துகொள்ளாமல் போர்டைப் பற்றிப் பேச முடியாது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

நாங்கள் இருக்கும்போதே ஒருவர் இன்டெல் நாலாம் தலைமுறை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு வந்தார். எச்81 போர்டு புதுப் பெட்டியில் கிடைக்கிறது, போட்டுத் தாருங்கள் என்றார். அந்தச் சிப்செட் 2013-இல் வந்தது. பெட்டிதான் புதுசு, அதை வைத்து விண்டோஸ் 11 பட்டியலுக்குள் நுழைய முடியாது. டிடிஆர்3 ராமும் அடுத்த போர்டுக்கு உதவாது. அந்தக் காசைச் சேர்த்துவைத்து, டிடிஆர்4 ராம் ஏற்கும் எச்610 பக்கம் போகச் சொல்லி அனுப்பினார். வாங்கிய கூலி பூஜ்யம்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போய்ச் சேர்ந்ததால் 2025 கடைசியில் ராம் விலை ஏறிக் கிடந்தது. கையில் இருக்கும் நல்ல டிடிஆர்4 ராமைத் தூக்கிப்போட்டு டிடிஆர்5 காம்போ வாங்கச் சொல்வது யாருக்கு லாபம்? விற்கிறவருக்குக் கம்பெனி ஸ்கீம் உண்டு, மொத்த வியாபாரிக்குத் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் அவசரம் உண்டு, 18 சதவீத ஜிஎஸ்டி நம் தலையில். "வேண்டாம், இதுவே போதும்" என்று சொல்கிறவருக்கு மட்டும் எந்த மார்ஜினும் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத் தெரிவதற்குக் கடலூர்க்காரருக்குப் பதினைந்து வருஷம் பிடித்திருக்கிறது. வருகிறவர்களோ "சும்மா பார்த்துச் சொல்லுங்க" என்கிறார்கள்.

எங்களிடம் நானூறு ரூபாய் வாங்கினார். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால், பயாஸ் சிப்பைப் படித்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்காத இடத்தில் காம்போ வாங்காதீர்கள். பார்த்துச் சொல்கிறவருக்கு, எதுவும் வாங்காவிட்டாலும், பார்த்ததற்கான கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.