புது மகிழுந்தும் கண்ணாடி வார்னிசும்

புது மகிழுந்து வாங்கப் போகிறோம் என்று சொன்னால் உறவினரும் அண்டை வீட்டாரும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். என்ன விலை? மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? என்ன நிறம்? அந்த நிறத்தை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதை முதலில் கேட்பவர் விற்பனையாளர்தான். அவர் கேட்கும்போது பதிலும் விலையும் அவர் கையிலேயே தயாராக இருக்கும்.

என் அப்பா கிள்ளானில் லாரி ஓட்டுநர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இத்தனை காலமும் பிறர் ஓட்டிப் பழசான காடிகளையே வாங்கி ஓட்டினார். சென்ற ஆண்டுதான் முதன்முறையாக ஒரு புதிய பெரோடுவா பெசாவுக்குப் பதிவு செய்தார். 9 ஆண்டுக் கடன். கடைசித் தவணை கட்டும்போது அவருக்கு 63 வயதாகியிருக்கும். ஆகவே, எங்கள் வீட்டில் அந்தச் சாயம் வெறும் அழகுக்காக மட்டுமன்று. நாளை அந்தக் காடியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் முதலில் பார்க்கப் போவது அதைத்தான்.

விற்பனையாளர் பளபளப்பான தாள் ஒன்றை நீட்டினார். செராமிக் பூச்சு, 9எச் கடினம், 5 ஆண்டு உத்தரவாதம், விலை 1,800 ரிங்கிட். கடனோடு சேர்த்துவிட்டால் மாதக் கட்டணத்தில் தெரியவே தெரியாது என்றார். தாள் முழுக்க ஆங்கிலம். அப்பா அதை என்னிடம் கொடுத்து, "என்னா போட்டிருக்கும்மா?" என்று கேட்டார்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்தவள். ஆறாம் ஆண்டுக்குப் பின் அறிவியலைத் தமிழில் பேசும் வாய்ப்பே எனக்கு அமையவில்லை. தாளை வாசிப்பது எளிதாக இருந்தது. அப்பாவுக்கு விளக்கத்தான் தமிழைத் தேட வேண்டியிருந்தது. விற்பனையாளரிடம் ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த வாரம் முழுவதும் படித்ததையும் விசாரித்ததையும் இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவுக்குச் சொன்னேன்.

இரும்புத் தகட்டின் மேல் பொதுவாக நான்கு அடுக்குகள் இருக்கின்றன. முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, பிறகு நிறம், கடைசியாக நிறமற்ற தெளிபூச்சு. நான்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். நாம் ஒப்படைப்பை அச்சிடும் ஏ4 தாள் ஒன்றின் தடிப்பே ஏறத்தாழ 100 மைக்ரான். வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் தெளிபூச்சோ அந்தத் தாளில் பாதியளவுதான்! தெளிபூச்சு என்று நான் சொன்னதும், "கண்ணாடி வார்னிசுன்னு சொல்லு, புரியும்" என்றார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே பெயர்.

9எச் என்பது வைரத்துக்கு அடுத்த கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பென்சில் கணக்கு. 2021இல் நிறுத்தப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வில் நாம் 2பி பென்சிலால் கட்டங்களைக் கருப்பாக்கினோமே, அதே வரிசையின் மறுகோடிதான் 9எச். அந்தப் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்பதே அதன் பொருள். சாலையில் தெறிக்கும் கல்லுக்கோ சாவிக் கீறலுக்கோ அது தடையாகாது. கல்லடியைத் தாங்க வேண்டுமென்றால் தடித்த பிளாஸ்டிக் படலம் ஒட்ட வேண்டும். அதன் விலை இன்னும் அதிகம். செராமிக் பூச்சு செய்வது வேறு: தண்ணீர் திரண்டு ஓடும், அழுக்கு எளிதில் போகும், கறை ஊறுவது தாமதமாகும். காக்கைக்குப் பெயர்போன கிள்ளானில் இது சிறிய உதவியன்று. எனினும், எச்சத்தின் அமிலமும் வெயிலின் சூடும் சேர்ந்தால் பூச்சு போட்ட காடியிலும் தழும்பு விழும். அன்றே துடைத்துவிட வேண்டும்.

தாளின் அடியில் பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை அவர்களிடமே பராமரிப்புக்குச் செல்லாவிட்டால் உத்தரவாதம் செல்லாது; ஒருமுறைக்கு 150 ரிங்கிட். 5 ஆண்டுகளில் 10 முறை என்றால் 1,500. ஆக, 1,800 என்பது 3,300 ஆகிறது. அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "இத அவன் சொல்லலயே" என்றார்.

பிறகு நாங்கள் இருவரும் மூன்று கடைகளுக்குச் சென்று பார்த்தோம். முதல் கடையில், புதுக்காடிக்கும் மூன்று முறை மெருகேற்ற வேண்டும் என்று காடியைப் பார்க்காமலேயே சொன்னார்கள். மெருகேற்றுவது என்றால் கண்ணாடி வார்னிசைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பது. தேய்த்தது திரும்பி வராது. இரண்டாவது கடையில் தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு அதே துணியால் துடைத்தார்கள். மூன்றாவது கடைக்காரர், தடிப்பை அளக்கும் கருவியைக் காட்டினார். ஆறு மாதத்துக்கு முன் தாம் பூசிய ஒரு வாகனத்தை விளக்கொளியில் பார்க்கவும் விட்டார். அப்பா மலாயில் அவரிடம் கேட்டார்: "மெருகேற்றினால் எத்தனை மைக்ரான் போகும்?" அவர் சற்று வியந்து, புதுக்காடிக்கு அது தேவைப்படாமலேயே போகலாம், கீறல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தேய்த்தால் போதும் என்றார். அந்தப் பதிலே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது.

முடிவு அப்பாவுடையது. ஓர் அடுக்குப் பூச்சு, 700 ரிங்கிட், ரொக்கம். கடனில் எதுவும் சேரவில்லை. காடியைக் கழுவாமலேயே ஒப்படைக்கும்படி விற்பனையாளரிடம் சொல்லிவிட்டோம். அவசரத்தில் கழுவும் துணியாலேயே முதல் கீறல்கள் விழுவதுண்டு. வீட்டில் காய்ந்த தூசியைக் கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டும் பழக்கத்தை அப்பா விட்டுவிட்டார். தூசியை இழுத்தால் அது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். இப்போது சவர்க்கார நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் அம்மாவிடமே இருக்கிறது.

நண்பர்களே, பட்டம் பெற்று வேலைக்குச் சென்றதும் நம்மில் பலர் செய்யும் முதல் பெரிய செலவு மகிழுந்துதான். பூச்சு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காசு கொடுக்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு தேய்ப்பீர்கள்? எதை இது தடுக்காது? உத்தரவாதத்தின் நிபந்தனை என்ன? முன்பு செய்த வேலையைப் பார்க்கலாமா? வாங்குபவர் உங்கள் பெற்றோராக இருந்தால், அந்தத் தாளை அவர்களுடைய தமிழில் படித்துச் சொல்லுங்கள். சொல் கிடைக்காவிட்டால் அவர்களையே கேளுங்கள். பெரும்பாலும் அவர்களிடம் ஒன்று இருக்கும்.